வழி சொல்வதும் நாடு காட்டுவதும்

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்து ஓட்டப் போகிறவர்களிடம் ஒரு கேள்வி தவறாமல் எழும்: காகித மேப் ஒன்று வாங்கிக்கொள்வதா, போனில் இருக்கும் செயலியே போதுமா? காகிதத்தின் பக்கம் நிற்பவர்கள் பேட்டரி தீர்ந்துபோவதையும் மலைக்குள் சிக்னல் கிடைக்காததையும் சொல்வார்கள். செயலிக்காரர்கள் நெரிசலையும், போன வாரம் மூடிய பாலத்தையும், அச்சான நாளிலேயே பழசாகிவிடும் தாளையும் சொல்வார்கள். இரு தரப்பாருக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு. காகித வரைபடம்தான் மூத்தது, அதன் வாரிசாக வந்ததே செயலி என்பது அது. இந்த வம்சாவளியே தவறு என்பது என் வாதம். பயணிகளின் கையில் இருந்த தாள்கள் ஆதிமுதல் இரண்டு குலங்களாகவே இருந்து வந்திருக்கின்றன. ஒன்று, இங்கிருந்து அங்கே போக வழி சொல்வது. இன்னொன்று, நாடு எப்படிக் கிடக்கிறது என்று காட்டிவிட்டு, வழியை நம்மிடமே விட்டுவிடுவது. செயலி முதல் குலத்தைச் சேர்ந்தது. மடித்து வைத்துக்கொள்ளும் ரோடு மேப் இரண்டாம் குலம். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யும் என்று எதிர்பார்ப்பதில்தான் வெளிநாட்டுப் பயணிகளின் பெரும்பாலான சங்கடங்கள் தொடங்குகின்றன.

ரோமானியர் காலத்திலேயே இரண்டும் தனித்தனியாக நின்றன. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த தாலமி, அறியப்பட்ட உலகின் சுமார் 8,000 இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எழுதி வைத்தார். எந்த ஊர் எந்த ஊருக்கு எந்தத் திசையில், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அதில் கிடைக்கும். எந்தச் சாலையில் போவது என்பது கிடைக்காது. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படும் பாய்டிங்கர் சுருள் இதற்கு நேர்மாறு. பிற்கால ரோமானிய மூலம் ஒன்றிலிருந்து 1200 வாக்கில் படியெடுத்த இந்தத் தோல் சுருள் ஏறத்தாழ 6.75 மீட்டர் நீளம், 34 சென்டிமீட்டர் உயரம் மட்டுமே. உலகம் அதில் ஒரு நாடாவாக இழுக்கப்பட்டிருக்கிறது. மத்தியதரைக் கடல் ஒரு வாய்க்கால் போலக் கிடக்கிறது. வடக்கு, தெற்கு என்பதற்கெல்லாம் அங்கே மதிப்பில்லை. சாலைகள் சிவப்புக் கோடுகளாகப் போகின்றன. ஒரு தங்கலுக்கும் அடுத்த தங்கலுக்கும் இடையே தூரம் எண்ணாக எழுதியிருக்கிறது. வழிநடப்பவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். நம் முசிறி இரண்டிலும் உண்டு: தாலமியிடம் ஒரு துறைமுகப் பட்டினமாக, ரேகைக் கணக்கோடு; சுருளின் கீழைக் கோடியில், பக்கத்தில் அகஸ்டஸ் கோவில் ஒன்றோடு. ஒரே ஊர், இரண்டு விதமான அறிவு.

வழி சொல்லும் குலத்தின் மிகச் சிறந்த படைப்பு 1675இல் லண்டனில் வந்தது. அதைச் செய்த ஜான் ஓகில்பி நடன ஆசிரியராக இருந்தவர், நாடகக் கொட்டகை நடத்தியவர், வர்ஜிலை மொழிபெயர்த்தவர், 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் சொத்தை இழந்தவர். வயதான காலத்தில் அவர் வெளியிட்ட ‘பிரிட்டானியா’ என்ற பெரிய புத்தகத்தில் 100 தகடுகள். இங்கிலாந்தின், வேல்ஸின் முக்கியச் சாலைகள் எல்லாம் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில். ஊருக்கு ஊர் மைலின் நீளம் மாறிக்கொண்டிருந்த காலத்தில், சக்கரம் உருட்டி அளந்து, 1,760 கெஜ மைலையே எல்லாச் சாலைக்கும் பொதுவாக்கினார். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது பக்கத்தின் அமைப்பை. ஒவ்வொரு பக்கத்திலும் சுருட்டி விரித்த காகிதப் பட்டைகள் போலச் சில நெடும்பட்டைகள். இடது கீழ்மூலையில் பயணம் தொடங்கும். சாலை பட்டையின் நடுவே மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் அடுத்த பட்டையின் அடியில் மறுபடி தொடங்கும். இருபுறமும் வேலி அடைத்த சாலைக்கு முழுக்கோடு, திறந்தவெளிச் சாலைக்குப் புள்ளிக்கோடு. ஏற வேண்டிய குன்று நேராக வரையப்பட்டிருக்கும், இறங்க வேண்டிய குன்று தலைகீழாக. பிரியும் கிளைச்சாலைகள் சிறிது தூரம் மட்டும் காட்டப்பட்டு, எந்த ஊருக்கு என்று பெயரெழுதி, அத்தோடு வெட்டிவிடப்பட்டிருக்கும். எந்தெந்தத் திருப்பங்களில் திரும்பிவிடக் கூடாது என்றுகூடக் குறிப்பு உண்டு. சாலை எப்போதும் மேல்நோக்கியே போக வேண்டும் என்பதற்காக ஓகில்பி உலகத்தைச் சுழற்றினார். அதனால் பட்டைக்குப் பட்டை ஒரு திசைகாட்டி வரைந்து, வடக்கு இப்போது எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இன்று டாஷ்போர்டில் செருகிய போனைப் பார்த்தால் அதே பட்டைதான் தெரியும். வண்டி கீழே, சாலை மேலே போகிறது; நாம் திரும்பினால் உலகம் திரும்புகிறது; மூலையில் ஒரு குட்டித் திசைகாட்டி. கிளைச்சாலைகள் அரை விரல் நீளத்துக்கு வந்து மறைகின்றன. 350 ஆண்டுகள் கழித்து வந்த கருவி, ஓகில்பியின் தீர்வுகளையே ஒவ்வொன்றாகத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. ஓட்டிக்கொண்டிருப்பவனுக்கு அதுவே பொருத்தம் என்பதால்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். செயலிக்குள் முழு நாடும் இருக்கிறதே. விரலால் விலக்கிப் பார்த்தால் ஐஸ்லாந்து மொத்தமும் வந்துவிடுமே என்பார்கள். இருக்கிறது, உண்மை. தாலமியின் ரேகைக் கணக்கு இல்லாமல் செயலி ஒரு அடி நகராது. ஆனால் கணக்கு இயந்திரத்துக்குள் நடக்கிறது; நமக்குக் கொடுக்கப்படுவது அதன் விடை மட்டும். விரித்துப் பார்க்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. 7 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள திரையில், ஒரு சென்டிமீட்டருக்கு 2 கிலோமீட்டர் என்ற அளவில் காட்டினால், 14க்கு 30 கிலோமீட்டர் நிலம்தான் தெரியும். ஒரு மீட்டர் அகலத் தாள் அதே நுணுக்கத்தோடு 200 கிலோமீட்டரைக் காட்டும். திரையில் அத்தனை தூரத்தைப் பார்க்க வேண்டுமானால் சுருக்க வேண்டும். சுருக்கச் சுருக்கச் சிற்றூர்ப் பெயர்கள் போகும், சின்னச் சாலைகள் போகும், கடைசியில் நான்கு நகரங்களும் ஒரு நெடுஞ்சாலையும் மிஞ்சும். பெரிய திரை உள்ள கணினியில் பார்த்தால் இந்தக் குறை பாதி தீரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிப் பார்ப்பவர் செயலியை வரைபடமாகப் பயன்படுத்துகிறார். அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

கார் வந்த பிறகு இரண்டாம் குலத்துக்கு ஒரு பொற்காலம் வாய்த்தது. அதைத் தொடங்கிவைத்தது டயர் வியாபாரம். பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெரான் நகரத்து மிஷ்லின் சகோதரர்கள் 1900இல் ஓட்டுநர்களுக்கு இலவச வழிகாட்டி நூல் அச்சிட்டார்கள். 1909இல் பாரிஸில் கூடிய நாடுகள் மோட்டார் போக்குவரத்துக்கு முதல் உடன்படிக்கை செய்துகொண்டன. எல்லை தாண்டிப் போகும் காருக்குச் சர்வதேசச் சான்று; வளைவு, குறுக்குச்சாலை, ரயில்வே கேட், மேடுபள்ளம் ஆகிய நான்குக்கும் பொதுவான எச்சரிக்கைப் பலகைகள் என்று அதில் முடிவாயிற்று. வெளிநாட்டில் கார் ஓட்டுவது ஒரு வழக்கமாக உருப்பெற்றது அப்போதுதான். அடுத்த ஆண்டே மிஷ்லின் தன் 1:2,00,000 சாலை வரைபடத்தின் முதல் தாளை வெளியிட்டது; 1913க்குள் பிரான்ஸ் முழுவதும் 47 தாள்களில் முடிந்தது. இந்தத் தாள்களின் அழகு, ஓட்டுபவன் என்ன கேட்பான் என்று யோசித்து வரைந்ததில் இருக்கிறது. பெரிய சாலை சிவப்பு, அடுத்தது மஞ்சள், சின்னது வெள்ளை. சரிவான இடத்தில் கோட்டின்மேல் அம்புமுனைகள். ஒன்று என்றால் ஓரளவு, மூன்று என்றால் கியரைக் குறைத்தே ஆகவேண்டும். முனை ஏறும் திசையைப் பார்க்கும். ஓகில்பி குன்றைத் தலைகீழாக வரைய வேண்டியிருந்தது, அவர் பட்டை ஒரு திசைக்கு மட்டும் உரியது என்பதால். மிஷ்லின் அம்பு எந்தத் திசையிலிருந்து வருகிறவனுக்கும் பொருந்தும். பின்னாளில் காட்சி நன்றாக இருக்கும் சாலையை ஒட்டி ஒரு பச்சை விளிம்பும் சேர்ந்தது. அந்தப் பச்சை விளிம்பை நம்பி ஒரு மணி நேரம் அதிகமாகச் சுற்றிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் சேரலாம் என்பதையே முதலில் கணக்கிடும் செயலி, தானாக அந்த யோசனையைச் சொல்லாது.

இந்தத் தாள்கள் சாலையையும் மாற்றின. தாளில் எண் போட்டால் போதாது, தரையிலும் அதே எண் தெரிய வேண்டும் அல்லவா? 1912இல் ஆந்த்ரே மிஷ்லின் சாலைகளுக்கு எண் பலகை வைக்கக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்; குடியரசுத் தலைவர் ஃபாலியேர் கையெழுத்திட்டார். அரசு இணங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் அந்த நிறுவனமே எரிமலைக் கல்லில் எனாமல் பூசி, சாலைச் சந்திகளில் கைகாட்டிக் கற்களை நட்டது. அமெரிக்காவிலும் இதே கதை: ராண்ட் மக்னாலி நிறுவனம் 1917 முதல் தன் மேப்பில் போட்ட குறிகளைச் சாலையோரக் கம்பங்களிலும் வண்ணமடித்து வைத்தது, 1926இல்தான் நாடு தழுவிய அரசு எண்கள் வந்தன. காகித வரைபடம் இப்படித் தன்னைச் சாலையின்மேலும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. தாளும் பலகையும் சேர்ந்தால் எவ்வளவு வல்லமை என்பதைப் போர்க்காலம் காட்டியது: 1940இல் ஜெர்மானியர் வந்திறங்கினால் வழி தெரியக் கூடாது என்று பிரிட்டன் தன் கைகாட்டிகளைப் பிடுங்கியது, 1944இல் பிரான்ஸில் இறங்கப் போகும் படைகளுக்காக, ஊர்ப் படங்கள் துல்லியமாக இருந்த 1939ஆம் ஆண்டு மிஷ்லின் வழிகாட்டியை வாஷிங்டனில் மறுபதிப்புச் செய்தார்கள். அந்நிய நாட்டில் வண்டி ஓட்டிப் போன மிகப் பெரிய கூட்டம் அதுவாகத்தான் இருக்கும். செயலி சாலையில் இப்படி எந்த அடையாளமும் விடுவதில்லை. போன் அணைந்துபோன பின்னும் நாம் ஊர் சேர முடிகிறதென்றால், நூறாண்டுக்கு முந்தைய தாள்காரர்கள் நட்டுவைத்த எண்களுக்கு அதில் பெரும் பங்குண்டு.

வழி சொல்லும் குலம் இந்தக் காலத்தில் ஒழிந்துவிடவில்லை. 1907 முதல் ராண்ட் மக்னாலி புகைப்பட வழிகாட்டிகளை விற்றது: ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு புகைப்படம், அதன்மேல் ஓர் அம்புக்குறி. 1909இல் வந்த ஜோன்ஸ் லைவ் மேப் என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே போனது. சக்கரத்தோடு கம்பியால் இணைத்த ஒரு வட்டத் தகடு. அதன் விளிம்பில் ஏறத்தாழ நூறு மைல் பயணத்தின் குறிப்புகள். வண்டி ஓட ஓடத் தகடு சுழன்று அடுத்த திருப்பத்தைக் காட்டும். நூறு மைல் முடிந்தால் நிறுத்தித் தகட்டை மாற்ற வேண்டும், வழி தவறினால் தகடும் தவறும். 1930களில் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கமான ஏஏஏ, ‘டிரிப்டிக்’ என்ற பட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்தது. உறுப்பினர் பயணத்துக்கு முன்பே சங்க அலுவலகத்துக்குப் போவார். மேசைக்குப் பின்னால் இருப்பவர், அந்தப் பயணத்துக்கு வேண்டிய பட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தி, வழியை மார்க்கர் பேனாவால் கோடிட்டு, சாலை வேலை நடக்கும் இடத்தில் ஒரு முத்திரை குத்தி, சுருள் கம்பியில் கோத்துக் கொடுப்பார். பட்டையோடு கூடவே முழுத் தாள் மேப்பும் கொடுத்து அனுப்புவது வழக்கம். ஒன்று மற்றதற்கு மாற்றல்ல என்பது அந்த மேசைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பெட்ரோல் பங்க்குகளிலோ, கல்ஃப் நிறுவனம் முதல் உலகப் போருக்குச் சற்று முன் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிவைத்த பழக்கத்தால், மடித்த மேப் இலவசமாகவே கிடைத்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் அந்தத் தருமம் வற்றியது.

தருமம் என்று சொன்னாலும் இந்த வழிகாட்டிகளில் எதுவும் சும்மா வந்ததில்லை. மக்கள் அதிகம் ஓட்டினால் டயர் தேயும், பெட்ரோல் தீரும். ஓகில்பியின் முதல் சாலையே லண்டனிலிருந்து வேல்ஸ் கடற்கரையின் அபெரிஸ்ட்வித்துக்குப் போவது. அரசருக்கு வேண்டிய சாலைகளுக்கு முன்னிடம் கொடுத்தார் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. யாருக்காக வரைந்தார்கள் என்பதைவிட யாரை விட்டுவிட்டார்கள் என்பது முக்கியம். பங்க்கில் கிடைத்த இலவச மேப், கறுப்பினத்தவர் எந்த ஊரில் இரவு தங்கலாம், எங்கே இறங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கு விக்டர் கிரீன் 1936இல் தனியாக ‘கிரீன் புக்’ போட வேண்டியிருந்தது. இன்றைய செயலி விளம்பரத்தால் பிழைக்கிறது, அதனால் அதை நம்பக் கூடாது என்போருக்கு இதுதான் என் பதில்: விளம்பரத்தால் பிழைக்காத ரோடு மேப்பைத் தேடினால் அரசு அளவைத் துறைகளின் தாள்கள் மட்டுமே மிஞ்சும், அவற்றுக்கும் ராணுவ நோக்கம் இருந்தது. இந்தக் கணக்கில் காகிதத்துக்குத் தனிப் புனிதம் கிடையாது. பொய்யும் அதற்குப் புதிதல்ல. நியூயார்க் மாநிலத்தில் ஆக்லோ என்ற ஊரை ஜெனரல் டிராஃப்டிங் நிறுவனம் 1930களில் தன் மேப்பில் சும்மா போட்டுவைத்தது, திருடி அச்சிடுபவர்களைப் பிடிக்க. மேப்பைப் பார்த்து யாரோ அங்கே அதே பெயரில் ஒரு கடை திறந்துவிட்டார்கள். இல்லாத ஊர் கொஞ்ச காலம் இருந்தது. கூகுள் மேப்பிலிருந்து அந்த ஊர் மறைந்தது 2014இல்தான்!

இரு குலங்களும் ஒரே பெட்டிக்குள் வந்தது கடந்த முக்கால் நூற்றாண்டுக்குள். 1956இல் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா, இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியைக் கணினி கண்டுபிடிக்கும் முறையை யோசித்தார். 64 டச்சு நகரங்களை வைத்து ஒரு புதிய கணினியின் திறப்பு விழாவில் செய்துகாட்டவே அது எழுந்தது. டிரிப்டிக் மேசைக்காரரின் வேலை அன்றே கைமாறத் தொடங்கிவிட்டது எனலாம். காருக்குள் கருவி முதலில் வேரூன்றியது ஜப்பானில். 1981இல் ஹோண்டா, கைரோஸ்கோப்பும் ஒளி ஊடுருவும் மேப் தாள்களும் கொண்ட கருவியை விற்றது. 1990இல் மாஸ்டாவின் ஒரு காரில் ஜிபிஎஸ் உள்ளமைந்தே வந்தது. அந்நாட்டில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. முகவரி என்பது வட்டார எண், மனைத்தொகுதி எண் என்று போகும். வெளியாருக்கு மட்டுமல்ல, உள்ளூர்க்காரருக்கே தலைசுற்றும். சேர வேண்டிய இடத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் வழி சொல்லும் கருவி அங்கே வரவேற்புப் பெற்றதில் வியப்பில்லை. கலிபோர்னியாவில் 1985இல் வந்த ஈடாக் கருவி வேறு மாதிரி: கேசட்டில் மேப், பச்சைக் கோட்டுத் திரை, நடுவே வண்டியைக் குறிக்கும் முக்கோணம். அது திருப்பம் எதுவும் சொல்லவில்லை. சேருமிடத்தை நட்சத்திரமாகக் காட்டிவிட்டு, வழியை ஓட்டுபவரிடம் விட்டது. கருவிகள் இரண்டாம் குலத்தின் பக்கம் போயிருக்கக்கூடிய ஒரு தருணம் அது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியது. நூறு மீட்டர் வரை இருந்த தடுமாற்றம் ஒரே இரவில் இருபது மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. எந்தச் சாலையில் இருக்கிறோம் என்பதே கருவிக்கு ஐயமின்றித் தெரிந்த பிறகு, இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பு என்று அதிகாரத்தோடு சொல்ல முடிந்தது. கேட்பவர்களுக்கும் அதுவே பிடித்திருந்தது.

வழிக்குறிப்புக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு: சேருமிடம் தவறானால் பயணம் முழுக்கத் தவறாகும், வழியில் எங்கேயும் அது தன்னைக் காட்டிக்கொடுக்காது. 2016இல் ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையத்தில் காரெடுத்த ஓர் அமெரிக்கப் பயணி, முக்கால் மணி நேரத்தில் உள்ள ரேக்யவிக் ஹோட்டலின் தெருப் பெயரில் ஓர் ‘ஆர்’ கூடுதலாகக் கொடுத்துவிட்டார். கருவி அவரை வடகோடியில் உள்ள சிக்லுஃபியோர்துர் என்ற மீன்பிடி ஊருக்குப் பல மணி நேரம் பனிச்சாலையில் கூட்டிப் போயிற்று. ஒவ்வொரு திருப்பமும் சரியாகவே சொல்லப்பட்டது. அந்நாட்டின் தாள் மேப்பை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால், விமான நிலையமும் தலைநகரும் ஒரே மூலையில் அண்டை வீடுகளாக இருப்பது தெரிந்திருக்கும். 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை, ஆப்பிள் மேப்ஸை நம்பி மில்டுராவுக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்தது. அந்த ஊரைச் செயலி சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர் கிடைக்காத ஒரு தேசியப் பூங்காவின் நடுவே காட்டியது. வெயில் 46 டிகிரியைத் தொடக்கூடிய இடம். சிலர் 24 மணி நேரம் வரை அங்கே சிக்கிக் கிடந்தார்கள். பின்னர் பார்த்தால், அரசின் இடப்பெயர்ப் பட்டியலிலேயே ஊருக்கு ஒன்றும் பரந்த நிர்வாகப் பகுதியின் மையத்துக்கு ஒன்றுமாக மில்டுரா என்ற பெயர் இரண்டு முறை இருந்தது. அந்த இடத்தைத் தாளில் பார்த்த மனிதன் கேட்டிருப்பான், இவ்வளவு பெரிய ஊருக்கு ஏன் ஒரு சாலைகூடப் போகவில்லை என்று. நாடு காட்டும் தாளில் தவறு தன்னைச் சூழலால் காட்டிக்கொடுக்கும். வழிக்குறிப்பில் சூழலே இல்லை.

காகிதத்தின் பக்தர்கள் இங்கே கைதட்ட வேண்டாம். 2006 நவம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போகக் கிளம்பிய ஒரு குடும்பம், தவறவிட்ட திருப்பத்துக்குப் பதிலாக மலைவழி ஒன்றைத் தேர்ந்து பனியில் சிக்கியது. தாயும் இரண்டு குழந்தைகளும் ஒன்பது நாள் கழித்து மீட்கப்பட்டார்கள். உதவி தேடி நடந்த தந்தை உயிரோடு திரும்பவில்லை. இணைய மேப்தான் காரணம் என்று முதலில் பேசினார்கள். அவர்கள் பார்த்தது காகித ரோடு மேப் என்று காவல்துறை பிறகு சொன்னது. மேப்பில் அந்த வழி இரண்டு நெடுஞ்சாலைகளை இணைக்கும் ஒரு சின்னக் கோடு. குளிர்காலத்தில் அது என்னவாகும் என்பது கோட்டின் நீளத்தில் தெரியாது. தாள் பருவத்தைக் காட்டாது, நேற்றைய மண்சரிவைக் காட்டாது, காவல்துறை போட்ட தடுப்பைக் காட்டாது. அன்றைய நிலவரம் வேண்டுமென்றால் வழி சொல்லும் குலமே சிறந்தது. டிரிப்டிக் மேசையில் முத்திரை குத்தியவர் செய்ததும் அதைத்தான். ஆகவே தாள் பாதுகாப்பானது, செயலி ஆபத்தானது என்ற பேச்சை வரலாறு ஆதரிக்கவில்லை.

எல்லை தாண்டும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது: வரைபடம் எப்போதும் அரசின் பொருள். சோவியத் யூனியன் பொதுமக்களுக்கான வரைபடங்களில் பல பத்தாண்டுகள் வேண்டுமென்றே சாலைகளையும் ஆறுகளையும் நகர்த்தி வரைந்தது. 1988இல் அதன் வரைபடத் துறைத் தலைவரே இதை ஒப்புக்கொண்டார். இது காகிதக் காலத்தோடு போய்விட்டதா என்றால் இல்லை. சீனாவில் மேப் சேவைகள் அரசு விதித்த தனி ரேகை முறையைப் பின்பற்ற வேண்டும். உண்மையான ஜிபிஎஸ் இடத்துக்கும் அதற்கும் சில நூறு மீட்டர் வரை வேறுபாடு வரும். தென்கொரியா தன் விரிவான வரைபடத் தரவை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக கூகுளுக்கு 2007லும் 2016லும் அனுமதி மறுத்தது. அதனால் உலகெங்கும் வழிசொன்ன செயலி அங்கே பல ஆண்டுகள் கார் ஓட்ட உதவவில்லை. வாடகைக் கார் எடுப்பவர்கள் நேவர், ககாவோ போன்ற உள்ளூர்ச் செயலிகளைப் பழகிக்கொண்டார்கள். இந்தியாவே வரைபடத் தரவின்மேல் வைத்திருந்த கெடுபிடியை 2021இல்தான் தளர்த்தியது. பரங்கிமலையடியில் 1802இல் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் அளவைப் பணியின் பயனை, சாதாரண மக்கள் தாராளமாக எடுத்துக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது. சேருமிடத்து அரசு எதைக் காட்ட விடுகிறது என்று கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது, தாளா செயலியா என்று முடிவெடுப்பதைவிட முந்திய வேலை.

செயலியையே நம்பினால் வழி பற்றிய நினைவு மங்கும் என்ற குற்றச்சாட்டை அளவோடுதான் ஏற்கிறேன். ஜப்பானில் டோரு இஷிகாவா குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஜிபிஎஸ் கருவியோடு நடந்தவர்கள் தாள் மேப்போடு நடந்தவர்களைவிட நீண்ட வழி நடந்தார்கள், அதிக முறை நின்றார்கள், பிறகு வரையச் சொன்னபோது மோசமாக வரைந்தார்கள். ஆனால் ஒரு வாரம் போய்விட்டுத் திரும்பும் பயணிக்கு நேப்பிள்ஸின் தெருக்கள் மனப்பாடம் ஆவதில் என்ன லாபம்? அந்நிய நகரத்துக்குள், எதிர்ப்புறத்தில் ஓட்டிக்கொண்டு, தாளை விரிப்பது முட்டாள்தனம். அங்கே செயலியின் குரலுக்கு நிகர் எதுவும் இல்லை. அந்தக் குரலும் போதாத இடம் உண்டு. இத்தாலிய நகரங்களின் பழைய மையங்களில் அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதிகள் இருக்கின்றன. சிவப்பு வளையப் பலகை ஒன்று, அதன்மேல் ஒரு கேமரா. அபராதக் கடிதம் மாதங்கள் கழித்து வாடகைக் கார் கம்பெனி வழியாக வீடு தேடி வரும். செயலி சொல்லித்தான் நுழைந்தேன் என்பதை எந்த நகராட்சியும் கேட்டுக்கொள்வதில்லை.

தாள் தன் மதிப்பைக் காட்டுவது ஓட்டும்போது அல்ல, முந்தைய நாள் மாலையில், மேசைமேல். எந்தப் பள்ளத்தாக்கு வழியாக, எந்த எண் சாலையில், எந்த ஊரில் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் எங்கே போய்ச் சேர்வது என்பதை நாமே யோசித்து முடிவெடுக்க இரண்டாம் குலம்தான் உதவும். ஐஸ்லாந்தையே எடுத்துக்கொள்ளலாம். உள்நாட்டு மேட்டுநிலச் சாலைகளின் எண்ணுக்கு முன் ‘எஃப்’ என்ற எழுத்து உண்டு. அவற்றில் நான்கு சக்கர இயக்க வண்டி மட்டுமே போகலாம், வழியில் பாலமில்லாத ஆறுகள், பெரும்பாலும் ஜூன் பிற்பகுதியிலோ ஜூலையிலோதான் திறப்பார்கள். தாளில் அந்தச் சாலைகள் வேறு கோட்டில், எஃப் எழுத்தோடு, ஒரே பார்வையில் தெரியும். 1ஆம் எண் வட்டச்சாலை அவற்றைச் சுற்றி வளைத்துப் போவதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு பார்ப்பவர், செயலி மூன்று மணி நேரம் மிச்சம் என்று காட்டும் குறுக்குவழி ஏன் தனக்கு உதவாது என்பதைப் புரிந்துகொள்வார். பிறகு அன்றைய காற்றுக்கும் பனிக்கும் ஐஸ்லாந்து சாலைத் துறையின் இணையத்தளத்தைத் திறப்பார், ஏனென்றால் அது தாளில் இல்லை. வாங்குவதென்றால் 1:2,00,000 அளவுக்குப் பக்கமாக, அச்சான ஆண்டு பார்த்து வாங்க வேண்டும். பெரிய நாட்டுக்கு ஒரே தாளில் அடங்கும் மேப் சுவருக்குத்தான் உதவும். செயலியில் அந்த நாட்டு மேப்பை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஜிபிஎஸ் சமிக்ஞை செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது, போன் டவர் இல்லாத இடத்திலும் அது கிடைக்கும். காணாமல் போவது மேப் மட்டும்தான்.